போனுக்குள்ளும் படிக்கட்டு



திம்புள்ளயில் எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு முதலில் சொல்வது, "இத்தனை படியா!" என்பதுதான். ரோட்டிலிருந்து கீழ் லயத்துக்குப் படி, கீழ் லயத்திலிருந்து மேல் லயத்துக்குப் படி, இஸ்தோப்புக்கு ஏறவும் இரண்டு படி. கால் நன்றாக இருக்கும் வரைக்கும் படி இருப்பதே எங்கள் கண்ணில் படுவதில்லை. கொழுந்துக் கூடையோடு விழுந்து இடுப்பு அடிபட்ட பிறகோ, வீட்டில் ஒருவர் ஊன்றுகோல் பிடித்த பிறகோதான் ஒவ்வொரு படியையும் எண்ணத் தொடங்குகிறோம்.

இந்த மாதம் நான் பேசப்போவது இன்னொரு வகைப் படிக்கட்டைப் பற்றி. அது போனுக்குள் இருக்கிறது. இணையத்தளங்களில் இருக்கிறது.

மேல் லயத்தில் ஒரு அக்கா இருக்கிறார். 1977 கலவரத்துக்குப் பின் இந்த மலையிலிருந்து வன்னிக்குப் போன பல குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. போகும்போது சின்னப் பிள்ளை. கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி, கிணறு வெட்டி, கல்யாணம் கட்டி வாழ்ந்தவர். 2009 இல் ஷெல் பட்டு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் மங்கலாக ஏதோ தெரியும். வலது கையில் இரண்டு விரல் இல்லை. முகாமிலிருந்து விட்ட பிறகு அண்ணன் வீட்டைத் தேடி மறுபடியும் இந்த மலைக்கே வந்து சேர்ந்தார். "போனப்போ ஒரு பெட்டியோட போனோம், வந்தப்போ அதுவும் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவரோடு அவருடைய மகளின் மகன் இருக்கிறான். பதின்மூன்று வயது. மகள் கொழும்பில் வேலை. பையனுக்கு ஓட்டிசம் இருக்கிறது. ஓட்டிசம் என்பது நோய் அல்ல, சாபமும் அல்ல. மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வித்தியாசம். எல்லோருக்கும் அது ஒரே மாதிரி இருப்பதில்லை. இந்தப் பையன் அதிகம் பேசமாட்டான். பிரஷர் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். நாம் சொல்வதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வான். ஆனால் ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பஸ் நேரமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். எழுத்துக்கூட்டாமல் வாசிப்பான். பாட்டிக்குக் கண் அவன். அவனுக்குத் தைரியம் பாட்டி. போனில் வருகிற செய்தியை அவன் வாசிக்க, அக்கா கேட்பார். இப்படித்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. வலுவிழந்த பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஒரு நிறுவனம் உதவித்தொகை கொடுக்கிறது, இணையத்தளத்தில் மட்டும்தான் விண்ணப்பிக்கலாம், முடிவுத் திகதி இன்னது என்று. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கெட்ட எண்ணத்தில் அவர்கள் எதையும் செய்யவில்லை.

அன்றிரவு பாட்டியும் பேரனும் உட்கார்ந்தார்கள். பக்கத்தைத் திறந்ததும் பாட்டுச் சத்தம். மேலே படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. "எங்களுடன் கைகோருங்கள்" என்று பெரிதாக எழுதியிருந்தது. பையன் வாசித்துவிட்டு, "யாரோட கை?" என்று கேட்டான். அக்காவுக்கும் பதில் தெரியவில்லை. பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் என்று நிரப்பிக்கொண்டு போக, ஒரு மூலையில் சிவப்பு எழுத்தில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒன்பது சின்னப் படங்கள். தீயணைப்புக் குழாய் உள்ள படங்களைத் தெரிவு செய்ய வேண்டுமாம்.

எங்கள் மலையில் பிறந்த பிள்ளை வெளிநாட்டுத் தெருவோரத்துத் தீயணைப்புக் குழாயை எங்கே பார்த்தான்? சிவப்பாக நிற்பது அதுதான் போலிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் தொல்லை. ஒரு படத்தின் ஓரத்தில் குழாயின் துண்டு மட்டும் தெரிகிறது. அது குழாயா, இல்லையா? நீங்களும் நானும் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுப் போய்விடுவோம். அவனுக்குச் சரியென்றால் சரி, பிழையென்றால் பிழை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது. நிரப்பியதெல்லாம் அழிந்தது. பாட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறினான். போனைச் சுவரில் எறிந்தான். அக்கா அவனை ஏசினார். அடிக்கவும் கை ஓங்கிவிட்டாராம்.

மறுநாள் காலை, பிரட்டுக்கு ஆட்கள் போகும் நேரத்தில், வெடித்த போனோடு என் வீட்டுக்கு வந்தார். "காசு போனா போகுது தங்கச்சி. எனக்காகத்தான் வாசிச்சான், அவனைப் போய் ஏசிட்டேனே. இப்ப போனைத் தொடவே மாட்டேங்கிறான்" என்று அழுதார். முடிவுத் திகதி மூன்று நாளில் முடிந்துபோனது.

சகோதரிகளே, அந்தப் பிள்ளையின் மேல் பிழை இல்லை. அக்காவின் மேலும் இல்லை. அந்தப் பக்கத்தில் படிக்கட்டு அதிகம். கட்டியவர்களுக்குக் கால் நன்றாக இருந்ததால், படி அவர்கள் கண்ணில் படவில்லை.

அதற்குப் பிறகு நான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்தப் படிகளை எடுக்க முடியும் என்று உலகம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. இணையத்துக்கு நியமங்களை வகுக்கும் உலகளாவிய வலை இணையம் என்ற அமைப்பு, எல்லோரும் அணுகக்கூடிய வகையில் பக்கம் அமைப்பது எப்படி என்ற வழிகாட்டியை 1999 இலேயே வெளியிட்டது. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதிய பதிப்புகள் வந்தன. அதன் அடிப்படை நான்கு. பக்கத்தில் உள்ளதை ஏதாவது ஒரு புலனால் உணர முடிய வேண்டும். இயக்க முடிய வேண்டும். விளங்க வேண்டும். எந்தக் கருவியிலும் வேலை செய்ய வேண்டும்.

எங்கள் அக்கா வீட்டில் நடந்த ஒவ்வொன்றுக்கும் அதில் விடை இருக்கிறது. தானாக ஒலிக்கும் சத்தம் மூன்று வினாடிக்கு மேல் போனால், நிறுத்த வழி வேண்டும். தானாக ஓடும் படம் ஐந்து வினாடிக்கு மேல் ஓடினால், அதையும் நிறுத்த முடிய வேண்டும். நேர எல்லை வைத்தால், முடிவதற்கு முன் எச்சரித்து, ஒரு பொத்தானை அழுத்தி நேரத்தை நீட்டிக்க இடம் கொடுக்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் போதிய நிற வித்தியாசம் வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கு அது 4.5 இற்கு 1 என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். வெள்ளையில் வெளிர் சாம்பல் எழுத்து அந்தக் கணக்கில் தேறாது. படப் புதிர் வைத்தால், அதைப் பார்க்க முடியாதவருக்கு வேறு வழியும் கொடுக்க வேண்டும். 2023 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போய், ஒருமுறை கொடுத்த விபரத்தை அதே விண்ணப்பத்தில் திரும்பவும் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது என்கிறது. பொத்தான்கள் மிகச் சிறிதாக, நெருக்கமாக இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. விரல் இழந்த, கை நடுங்கும் எத்தனை பேர் எங்களுக்குள் இருக்கிறார்கள்!

பிரித்தானிய உள்துறை அமைச்சில் பணிபுரிந்த வடிவமைப்பாளர்கள் 2016 இல் சில சுவரொட்டிகளை வெளியிட்டார்கள். ஓட்டிசம் உள்ளவர்களுக்கு ஒன்று, பார்வை குறைந்தவர்களுக்கு ஒன்று, காது கேளாதவர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக. ஓட்டிசத்துக்கானதில் சொல்லியிருப்பவை மிகச் சாதாரண விடயங்கள்தான். கண்ணைக் கூசாத நிறம். நேரான, எளிய சொல். சிறிய வாக்கியம். எல்லாப் பக்கமும் ஒரே சீரான அமைப்பு. பொத்தானில் "இங்கே அழுத்துக" என்று எழுதாமல், அழுத்தினால் என்ன நடக்குமோ அதை எழுதுவது.

"கைகோருங்கள்" என்பதற்குப் பதிலாக "உதவிக்கு விண்ணப்பிக்க" என்று எழுதியிருந்தால், அந்தப் பையன் யாருடைய கை என்று கேட்டிருக்க மாட்டான்.

இன்னொன்றும் எனக்குத் தோன்றியது. திடீரென்று வரும் சத்தம், சிவப்பில் ஓடும் நேரம், "இன்றே கடைசி" என்ற மிரட்டல், இவையெல்லாம் ஓட்டிசம் உள்ள பிள்ளையை மட்டுமா பதறச் செய்கின்றன? ஷெல் சத்தம் கேட்ட காதுக்கு, வரிசையில் நின்று பெயர் கூப்பிடும்வரை நடுங்கிய உடம்புக்கு, அதே பதற்றம் வராதா? எனக்கு வரும். உங்களில் பலருக்கும் வரும் என்று நினைக்கிறேன். அமைதியான பக்கம் அந்தப் பிள்ளைக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

இனி என் பிழையையும் சொல்ல வேண்டும்.

அக்கா போன் பேசுவதைக் கேட்டுப் பழக வேண்டும் என்று, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் வசதியைப் பார்த்தோம். பல அன்ட்ரொய்ட் போன்களில் 'டோக்பேக்' என்ற பெயரில் இது இருக்கிறது. அமைப்புகளுக்குள் 'அணுகல்தன்மை' என்ற பகுதியில் தேடலாம். தமிழ்க் குரலும் உண்டு. போட்ட பிறகு விரலை வலது பக்கம் தள்ளினால் அடுத்ததை வாசிக்கும். இரண்டு முறை தட்டினால் திறக்கும். கணனிக்கு 'என்விடிஏ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2006 இல் அதைத் தொடங்கியவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த இளைஞர் மைக்கல் கரன். ஜேம்ஸ் டே என்ற இளைஞரும் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள்.

அக்காவின் போனில் டோக்பேக்கைப் போட்டு, எங்கள் மாதர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். சங்க அறிவித்தல்களை இரண்டு வருடமாக நான்தான் போடுகிறேன். பூக்கரை வைத்து, நிறம் நிறமாக எழுதி, படமாக அனுப்புவேன். எனக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. போன் வாசித்தது: "படம்." அடுத்தது: "படம்." அடுத்தது: "படம்."

இரண்டு வருட அறிவித்தலில் ஒரு சொல் கூட வாசிக்கவில்லை. பையன் பக்கத்தில் இருந்த நாட்களில் அவன் சொல்லி ஒன்றிரண்டு தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். "கூட்டத்துக்கு வர அக்காவுக்கு விருப்பமில்லை" என்று மற்றவர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. என் பூக்கரையும் ஒரு படிக்கட்டுத்தான்.

எழுத்துரு விடயமும் அப்படித்தான். இலங்கையில் நெடுங்காலமாக நாங்கள் 'பாமினி' எழுத்தில் தட்டச்சு செய்து பழகியவர்கள். கண்ணுக்கு அது தமிழ். கணனிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்து. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால், திரை வாசிப்பானுக்கு அது எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடியும் கே, பிறகு எச். அம்மாவே இல்லை. யூனிகோட் முறையில் அடித்தால்தான் 'அம்மா' என்று வாசிக்கும். பழைய கடிதங்களையும் சுற்றுநிருபங்களையும் படமெடுத்து ஏற்றிவிடும் பக்கங்களிலும் பார்வையற்றவருக்கு ஒன்றும் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் எங்கள் நாட்டில் இருக்கிறது. பொதுமக்கள் போகும் கட்டடத்துக்கோ இடத்துக்கோ ஒருவர் வலுவிழந்தவர் என்பதற்காகத் தடை இருக்கக் கூடாது என்கிறது. 2006 இல் கட்டடங்களை அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் வந்தன. சக்கரநாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், 2011 இல் உயர் நீதிமன்றம் அந்த ஒழுங்குவிதிகளை நடைமுறைப்படுத்தக் கட்டளையிட்டது. வங்கி வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் சாய்தளம் கேட்க எங்களுக்கு இருக்கும் பலம் அது.

அந்தச் சட்டம் எழுதிய காலத்தில் இணையத்தளம் யாருடைய நினைவிலும் இல்லை. ஆனால் வலுவிழந்தோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 9 ஆம் உறுப்புரை, கட்டடத்தையும் போக்குவரத்தையும் சொல்லும் அதே இடத்தில் இணையத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இலங்கை அதில் 2007 இல் கையொப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, இந்த நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதமானோருக்கு ஏதாவது ஒரு செயற்பாட்டில் இயலாமை இருக்கிறது. கிட்டத்தட்ட 16 இலட்சம் பேர். யாரோ ஒன்றிரண்டு பேருக்காகக் கேட்கும் சலுகை அல்ல இது.

நாங்கள் என்ன செய்தோம்? நானும் அக்காவும் உட்கார்ந்து அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஏச்சுப் பேச்சு ஒன்றும் இல்லை. நடந்ததை எழுதி, ஆறு விடயங்களைக் கேட்டோம். பாட்டை நிறுத்துங்கள். ஓடும் நேரத்தை எடுங்கள். படப் புதிரை எடுங்கள். நிரப்பியதை இடையில் சேமிக்க வழி வையுங்கள். எளிய தமிழில் எழுதுங்கள். தொலைபேசி இலக்கம் ஒன்றும் காகித விண்ணப்பமும் கொடுங்கள். அக்கா தன் பெயரைத் தானே எழுதினார். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது.

ஒரு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். இப்போது அந்தப் பக்கத்தில் பாட்டு இல்லை. நேரம் ஓடுவதில்லை. தொலைபேசி இலக்கம் முதலிலேயே இருக்கிறது. காகித விண்ணப்பமும் பெறலாம். படப் புதிர் இன்னும் இருக்கிறது. 'கைகோருங்கள்' இன்னும் இருக்கிறது. போன உதவித்தொகை போனதுதான். அடுத்த முறைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம்.

நீங்களும் செய்யக்கூடியவை இவை:

இணையத்தில் விண்ணப்பிக்க முடியாவிட்டால் விட்டுவிடாதீர்கள். முடிவுத் திகதிக்கு முன்பே, காகித விண்ணப்பம் தரும்படி எழுத்தில் கேளுங்கள். பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். அரச சேவைகள் பற்றி 1919 இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலும் கேட்கலாம்.

அரச பக்கம் ஒன்றில் தமிழ் இல்லாவிட்டால், அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். விளங்காத மொழியும் ஒரு படிக்கட்டுத்தான்.

உங்கள் சங்கத்தில் அறிவித்தல் போடுகிறவர்கள் படமாகப் போட்டால், கீழே அதையே எழுத்திலும் போடுங்கள். குரல் பதிவாகவும் அனுப்புங்கள். எழுதத் தெரியாத அம்மாவுக்கும் அது உதவும்.

இணையத்தளம் செய்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், வேலையை முடிக்கும் முன் கண் தெரியாத ஒருவரிடமும், ஓட்டிசம் உள்ள ஒருவரிடமும், அதிகம் படிக்காத ஒரு அம்மாவிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறது என்று அவர்கள் சொல்வதைவிட நல்ல பாடம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை பதறினால் உடனே ஏசாதீர்கள். எது அவனைப் பதறச் செய்தது என்று பாருங்கள். முதலில் சத்தத்தை நிறுத்துங்கள்.

பையன் ஆறு வாரமாகப் போனைத் தொடவில்லை. அக்கா அவனைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. புதுக் கண்ணாடி போட்ட போனை மேசையில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்ட அறிவித்தலை, பூக்கரை இல்லாமல், வெறும் எழுத்தில் அனுப்பினேன். டோக்பேக் அதை வாசித்தது. எங்கள் தோட்டத்தின் பெயரை அந்தக் குரல் பிழையாக உச்சரித்தது. இஸ்தோப்பில் இருந்த பையன் உள்ளே வந்து, போனை எடுத்து, "பிழை" என்று சொல்லி, பாட்டிக்குத் தானே சரியாக வாசித்துக் காட்டினானாம்.

அக்கா கூட்டத்துக்கு வந்தார். பையன் படியில் உட்கார்ந்து காத்திருந்தான்.

உங்கள் வீட்டில், உங்கள் முகாமில், உங்கள் கிராமத்தில் போனுக்குள் தடுக்கிய படிகள் எவை என்று எனக்கு எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் யாரையாவது கொண்டு எழுதுவியுங்கள். அடுத்த மாதம் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.